மூணு தராசு, மூணு எடை! கீவேர்ட் கருவிகள் காட்டும் எண்ணை எவ்வளவு நம்பலாம்?

சேலம் செவ்வாய்ப்பேட்டை. மதியச் சாப்பாடு முடிந்து கடைத்தெரு கொஞ்சம் கண்ணயரும் நேரம். ஜவ்வரிசி மொத்தக் கடை ஒன்றின் மாடி அறையில், மூட்டைகளுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் மேசை. அதில் லேப்டாப்பை விரித்து உட்கார்ந்திருக்கிறார் கடைக்காரரின் மகன். கடைக்கு இணையதளம் தொடங்கி இரண்டு மாதம் ஆகிறது. ‘நைலான் ஜவ்வரிசி’ என்று மாதம் எத்தனை பேர் கூகுளில் தேடுகிறார்கள் என்பது தெரிந்தால், அதற்கேற்ப ஒரு பக்கம் எழுதிவிடலாம் என்பது அவர் திட்டம்.

மூன்று கருவிகளைத் திறந்து வைத்திருக்கிறார். ஒன்று ‘100 முதல் 1 ஆயிரம் வரை’ என்று பெரிய வீச்சாகக் காட்டுகிறது. இன்னொன்று அடித்துச் சொல்வதுபோல் ஒற்றை எண்ணைக் காட்டுகிறது. மூன்றாவதில் எண்ணே இல்லை, சின்னதாக ஒரு கோடு மட்டும்.

மேலே வந்த அப்பா மகனின் தோளுக்கு மேலாகத் திரையை எட்டிப் பார்க்கிறார். “என்னப்பா இது, ஒரே சரக்கு, மூணு தராசு, மூணு எடை? இதுல எந்தத் தராசுக்கு முத்திரை போட்டிருக்கு?”

எடையளவு ஆய்வாளர் வந்து முத்திரை போட்ட தராசில் காலமெல்லாம் வியாபாரம் செய்தவரின் கேள்வி அது. பதில் ஒரே வரிதான். எதற்கும் முத்திரை கிடையாது.

கோவையில் நகைக்கடை, மதுரையில் பயிற்சி மையம், யாழ்ப்பாணத்தில் வீட்டுச் சமையல் தளம், கோலாலம்பூரில் தமிழ்ச் செய்தித்தளம் என்று இணையத்தில் கடை விரித்தவர்கள் எல்லாரும் ஏதோ ஒரு நாள் இந்த மாடி அறையில் வந்து உட்காரத்தான் வேண்டியிருக்கிறது. எந்த டூல் வாங்கலாம் என்பதுதான் அவர்கள் முதலில் கேட்பது. அந்த எண் எங்கிருந்து வருகிறது என்று கேட்பவர்கள் குறைவு.

எண்ணின் பூர்வீகம்

கதை 1998-ல் தொடங்குகிறது. பில் கிராஸ் என்ற அமெரிக்கத் தொழில்முனைவோர் ‘கோடூ டாட் காம்’ என்ற தேடுதளத்தைக் கொண்டுவந்தார். ஒரு சொல்லுக்கு யார் அதிக ஏலம் கேட்கிறாரோ அவருக்கு முதலிடம். சொல்லுக்கு விலை வந்ததும், அந்தச் சொல்லை எத்தனை பேர் தேடுகிறார்கள் என்ற கணக்குக்கும் கிராக்கி வந்தது. பின்னாளில் ‘ஓவர்ச்சர்’ என்று பெயர் மாறிய அந்த நிறுவனம், முந்தைய மாதத் தேடல் எண்ணிக்கையை இலவசமாகவே காட்டியது. 2003-ல் யாஹூ அதை சுமார் 163 கோடி டாலருக்கு வாங்கியது.

கூகுளும் விளம்பரதாரர்களுக்காக இப்படியொரு கருவி வைத்திருந்தது. 2013-ல் அதற்குக் ‘கீவேர்ட் பிளானர்’ என்று புதுப்பெயர், புது உருவம். அதற்கு முன்பே, 2011-ல், கூகுள் ஒரு கதவைச் சாத்தத் தொடங்கியிருந்தது. எந்தச் சொல்லைத் தேடி ஒருவர் உங்கள் தளத்துக்கு வந்தார் என்ற தகவலை, கணக்கில் உள்நுழைந்து தேடுவோர் விஷயத்தில் முதலில் மறைத்தது. 2013-ல் கிட்டத்தட்ட எல்லாத் தேடல்களுக்கும் மறைத்துவிட்டது. 2016-ல் அடுத்த கதவு. விளம்பரத்துக்குப் போதிய பணம் செலவழிக்காதவர்களுக்குத் துல்லியமான எண் கிடையாது, ‘1 ஆயிரம் முதல் 10 ஆயிரம் வரை’ என்ற வீச்சு மட்டும்தான்.

கட்டணக் கருவிகளின் சந்தை செழித்தது இந்தக் கதவுகளுக்கு வெளியே உள்ள வாசலில்தான். செம்ரஷ் 2008-ல் பிறந்தது. சிங்கப்பூரைத் தளமாகக் கொண்ட ஏரெஃப்ஸ் அதன்பின் வந்தது. 2004-ல் ஆலோசனை நிறுவனமாகத் தொடங்கிய மோஸ் 2016-ல் தன் கீவேர்ட் கருவியைக் கொண்டுவந்தது. இவை எதற்கும் கூகுளின் தேடல் பதிவேடு நேரடியாகக் கிடைப்பதில்லை. கூகுள் வெளியிடும் பிளானர் எண்கள், பயனர்களின் உலாவல் தடங்களை விற்கும் நிறுவனங்களின் தரவு, தேடல் முடிவுப் பக்கங்களைத் தாங்களே அள்ளிச் சேர்த்த தகவல் ஆகியவற்றை ஒவ்வொருவரும் தம்தம் பக்குவத்தில் கலந்து, கணிதம் போட்டு ஓர் எண்ணைத் தருகிறார்கள். கலவை வேறு, பக்குவம் வேறு. எடையும் வேறாகத்தானே இருக்கும்?

பெட்டிச் செய்தி: யாருடைய கிளிக்?

இலவச வைரஸ் தடுப்பு மென்பொருளால் பெயர்பெற்ற அவாஸ்ட் நிறுவனத்துக்கு ‘ஜம்ப்ஷாட்’ என்றொரு துணை நிறுவனம் இருந்தது. வைரஸ் தடுப்பைப் பதிவிறக்கியவர்கள் இணையத்தில் எங்கெல்லாம் போனார்கள் என்ற தடத்தை அது விற்றது. தேடல் துறையின் பெயர்பெற்ற ஆய்வுகள் சில அந்தத் தரவை நம்பியே செய்யப்பட்டன. 2020 ஜனவரியில் பத்திரிகைகள் இதை அம்பலப்படுத்தியதும், சில நாள்களிலேயே ஜம்ப்ஷாட்டை மூடுவதாக அவாஸ்ட் அறிவித்தது. 2024-ல் அமெரிக்க வர்த்தக ஆணையம் விதித்த தொகை 1 கோடியே 65 லட்சம் டாலர். ‘துல்லியமான தரவு’ என்று எந்தக் கருவியாவது விளம்பரம் செய்தால், அது யாருடைய கணினியிலிருந்து வந்தது என்று கேட்க வாடிக்கையாளருக்கு உரிமை உண்டு.

880-க்கு அடுத்து 1,000

பிளானர் எண்களைத் தொடர்ந்து பார்ப்பவர்கள் ஒரு விநோதத்தைக் கவனித்திருப்பார்கள். 720, 880, 1,000, 1,300, 1,600, 1,900, 2,400 என்று திரும்பத் திரும்ப அதே எண்கள்தான் வரும். 950 வராது, 1,450 வராது. பேருந்து நிறுத்தத்தில் மட்டுமே நிற்பதுபோல, கூகுள் குறித்துவைத்த சில எண்களில் மட்டுமே கணக்கு நிற்கும். உண்மையான எண்ணிக்கை எதுவானாலும் பக்கத்து நிறுத்தத்துக்குத் தள்ளிவிடுவார்கள். ‘1,300 பேர் தேடுகிறார்கள்’ என்று ஒருவர் மேடையில் முழங்கினால், ஆயிரத்துக்கும் ஆயிரத்து அறுநூறுக்கும் நடுவில் எங்கோ என்று எடுத்துக்கொள்வது நல்லது.

அதுவும் பன்னிரண்டு மாதச் சராசரி. பொங்கல் கோலத்தை மக்கள் தேடுவது மார்கழி முடிந்து தை பிறக்கும் சில வாரங்களில். பிளஸ் டூ தேர்வு முடிவைத் தேடுவது அது வெளியாகும் ஓரிரு நாள்களில். சராசரி அந்தக் கூட்டத்தை ஆடிக்கும் ஆவணிக்கும் பிரித்துப் பரப்பிவிடும். எப்போது கூட்டம் வருகிறது என்பதைக் காட்ட கூகுள் ட்ரெண்ட்ஸ் இருக்கிறது. 2006 முதல் இலவசம். ஆனால் அது எண்ணிக்கை சொல்லாது. உச்சத்தை 100 என்று வைத்து மற்றதை ஒப்பிட்டுக் காட்டும், அவ்வளவே. ‘ட்ரெண்ட்ஸில் 80 காட்டுகிறது, அப்படியானால் 80 பேர் தேடினார்கள்’ என்று யாராவது சொன்னால் சண்டை போடாமல் நகர்ந்துவிடலாம்.

இதையெல்லாம்விடப் பலருடைய பையைக் கரைத்த பிழை இன்னொன்று. பிளானரில் ‘போட்டி’ என்றொரு பத்தி இருக்கும். குறைவு, நடுத்தரம், அதிகம். ‘குறைவு’ என்று பார்த்ததும் இந்தச் சொல்லில் சுலபமாக முதல் பக்கம் வந்துவிடலாம் என்று நம்பிக் கட்டுரை கட்டுரையாக எழுதித் தள்ளியவர்கள் ஏராளம். அந்தப் பத்தி சொல்வது விளம்பரதாரர்களுக்கு இடையிலான போட்டியை. யாரும் விளம்பரம் கொடுக்காத சொல்லில்கூட, பத்து பெரிய செய்தித்தளங்கள் முதல் பக்கத்தில் சம்மணமிட்டு உட்கார்ந்திருக்கலாம்.

கட்டணக் கருவிகள் தரும் ‘சிரமப் புள்ளி’ வேறு ரகம். முதல் பத்து இடத்தில் உள்ள பக்கங்களுக்கு எத்தனை வெளித்தளங்கள் இணைப்புத் தந்திருக்கின்றன என்பதை அடிப்படையாக வைத்து ஏரெஃப்ஸ் கணக்கிடுகிறது. மோஸ் தன் சொந்த ‘அத்தாரிட்டி’ மதிப்பெண்களை வைத்துக் கணக்கிடுகிறது. ஒரு கருவியில் 20 வாங்கிய சொல் இன்னொன்றில் 45 வாங்குவது அதனால்தான். ஒரே கருவிக்குள் இரண்டு சொற்களை ஒப்பிடலாம். இரண்டு கருவிகளின் புள்ளிகளை ஒப்பிடுவது கிலோவையும் லிட்டரையும் கூட்டுவதுபோல.

தமிழ் என்று வந்தால்?

2018 பிப்ரவரியில் கூகுள் தன் ஆட்சென்ஸ் விளம்பரச் சேவையைத் தமிழுக்குத் திறந்தது. அதற்கு முந்தைய ஆண்டு கூகுளும் ஆலோசனை நிறுவனமான கே.பி.எம்.ஜி.யும் வெளியிட்ட அறிக்கை, இந்திய மொழிகளில் இணையத்தை அதிக விகிதத்தில் பயன்படுத்துவோர் தமிழர்கள்தான் என்று 42 சதவீதக் கணக்கு சொன்னது. தமிழில் எழுதினால் பணம் வரும் என்றானதும், தமிழ்க் கீவேர்டுகளுக்கும் கிராக்கி வந்தது.

இங்கேதான் கருவிகள் தடுமாறுகின்றன.

மரவள்ளிக்கிழங்கையே எடுத்துக்கொள்ளுங்கள். சேலம் பக்கம் அது குச்சிக்கிழங்கு. கன்னியாகுமரியில் மரச்சீனி. அதிலிருந்து வருவதை ஜவ்வரிசி என்பார் ஒருவர், சவ்வரிசி என்பார் இன்னொருவர். தமிழ்நாட்டில் பூண்டு என்றால் இலங்கையில் உள்ளி. இங்கே காய்கறி, அங்கே மரக்கறி. போதாததற்கு வேற்றுமை உருபுகள். ‘சேலத்தில்’, ‘சேலத்துக்கு’, ‘சேலத்திலிருந்து’ எல்லாம் ஒரே ஊர்தான் என்பது நமக்குத் தெரியும். சொல்லைச் சொல்லாகவே எண்ணுகிற பட்டியலுக்கு அவை தனித்தனி வரிசைகள்.

எல்லாவற்றுக்கும் மேல், நம்மில் பலர் தமிழை ஆங்கில எழுத்தில் தட்டுகிறோம். ‘செய்வது எப்படி’ என்பதற்கு ஆங்கில எழுத்தில் எத்தனை எழுத்துக்கூட்டல் சாத்தியம் என்று ஒரு குடும்ப வாட்ஸ்அப் குழுவைத் திறந்து பார்த்தாலே புரியும். நூறு பேர் தேடிய ஒரே விஷயம் இருபது எழுத்துக்கூட்டலாகச் சிதறினால், ஒவ்வொன்றிலும் ஐந்து பேர்தான். கருவியின் சல்லடையில் ஐந்து பேர் தங்க மாட்டார்கள். அங்கே விழுவதுதான் அந்தச் சின்னக் கோடு. யாரும் தேடவில்லை என்று அதற்கு அர்த்தம் இல்லை.

நாடு தேர்வு செய்யும் பெட்டியையும் பலர் கவனிப்பதில்லை. ‘இந்தியா’ என்று விட்டுவிட்டால் யாழ்ப்பாணமும் சிங்கப்பூரும் துபாயும் கணக்கில் வராது. வெளிநாட்டுத் தமிழர்களுக்குப் பலகாரம் அனுப்பும் கடை, இந்தியத் தேடல் எண்ணை மட்டும் வைத்து முடிவெடுப்பது, பக்கத்துத் தெருவில் விசாரித்துவிட்டு லண்டனுக்குச் சரக்கு ஏற்றுவதுபோல.

சிரமப் புள்ளியும் தமிழில் ஏமாற்றும். நம் தளங்கள் ஒன்றுக்கொன்று இணைப்புக் கொடுப்பதில் மகா கஞ்சம். அதனால் தமிழ்ச் சொற்களுக்குப் புள்ளி மிகக் குறைவாகவே வரும். ‘சுலபம்’ என்று பச்சை விளக்கு எரியும். கூகுளைத் திறந்தால் மேலே யூடியூப் காணொளிகள் வரிசை கட்டி நிற்கும். சமையலிலும் கைவைத்தியத்திலும் உண்மையான போட்டி அங்கேதான். கருவி அதை எண்ணாது.

தலைப்புகளுக்கு என்ன ஆயிற்று?

இந்த எண்கள் யாரோ சில இணைய விற்பன்னர்களின் தலைவலி என்று ஒதுக்கிவிட முடியாது. ஒரு செய்தித்தளத்தில் தேர்வு முடிவு எப்போது என்று பார்க்கப் போனவர் அனுபவிப்பது அதன் விளைவைத்தான். ‘பிளஸ் டூ ரிசல்ட் எப்போது? எப்படிப் பார்ப்பது? முழு விவரம்!’ என்று தலைப்பு. முதல் பத்தி, பிளஸ் டூ என்றால் என்ன என்று விளக்கும். இரண்டாவது, சென்ற ஆண்டு எத்தனை பேர் எழுதினார்கள் என்று சொல்லும். நடுவில் நான்கு விளம்பரம். கடைசிப் பத்தியில், தேதி இன்னும் அறிவிக்கப்படவில்லை.

அந்தக் கட்டுரையை எழுத வைத்தது செய்தி அல்ல, ஒரு கீவேர்ட் பட்டியல். தேடல் உண்டு, எனவே பக்கம் வேண்டும். சொல்ல விஷயம் இருக்கிறதா என்பது பிறகு பார்த்துக்கொள்ளலாம். சமையல் குறிப்பு ‘ஜவ்வரிசி என்றால் என்ன?’ என்ற தத்துவ விசாரணையோடு தொடங்குவதும் இதே காரணத்தால். வாசகர் அடுப்பில் பாலை வைத்துவிட்டு நிற்கிறார் என்பது பட்டியலுக்குத் தெரியாது.

கூகுளே இதற்கு எதிராகக் கம்பெடுத்திருக்கிறது. தேடல் முடிவில் இடம்பிடிப்பதற்காக மட்டுமே மொத்தமாக உற்பத்தி செய்யப்படும் பக்கங்களை 2024 மார்ச்சில் ‘ஸ்பேம்’ கொள்கை மீறல் பட்டியலில் சேர்த்தது. அந்த உழைப்புக்குப் பலன் இருக்கிறதா என்றால் அதுவும் சொற்பம். சுமார் 1,400 கோடிப் பக்கங்களை ஆராய்ந்த ஏரெஃப்ஸ், அவற்றில் 96.55 சதவீதத்துக்குக் கூகுளிலிருந்து ஒருவர்கூட வரவில்லை என்று 2023-ல் எழுதியது. கீவேர்ட் கருவி விற்கும் நிறுவனமே சொன்ன கணக்கு இது.

பெட்டிச் செய்தி: சில எண்கள்

தினமும் கூகுளில் நடக்கும் தேடல்களில் ஏறக்குறைய 15 சதவீதம் அதற்கு முன் யாரும் தேடாதவை என்று கூகுள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறது. எந்தப் பழைய பட்டியலிலும் அவை இருக்க முடியாது.

2024-ல் ஸ்பார்க்டோரோ என்ற நிறுவனம் நடத்திய ஆய்வின்படி, அமெரிக்காவில் 1,000 கூகுள் தேடல்களில் சுமார் 360 கிளிக்குகள்தான் கூகுளுக்குச் சொந்தமில்லாத வெளித்தளங்களுக்குப் போகின்றன.

தளம் வைத்திருப்பவர்களுக்குக் கூகுள் தரும் ‘சர்ச் கன்சோல்’ கருவியில் பதிவாகும் கிளிக்குகளில் ஏறக்குறைய 46 சதவீதத்துக்கு எந்தச் சொல் என்பது மறைக்கப்படுகிறது என்று 2022-ல் ஏரெஃப்ஸ் கண்டறிந்தது. மிகச் சிலரே தேடும் சொற்களை, தேடியவரின் அந்தரங்கம் கருதிக் கூகுள் காட்டுவதில்லை.

தரை நகர்கிறது

கருவிகளின் கால்களுக்குக் கீழேயும் நிலம் ஆட்டம் கண்டிருக்கிறது. ஒரே கோரிக்கையில் 100 தேடல் முடிவுகளைப் பெறும் வசதியை 2025 செப்டம்பரில் கூகுள் நிறுத்தியது. முன்பு ஒருமுறை தட்டி வாங்கியதை இப்போது பத்து முறை தட்டி வாங்க வேண்டும். தேடல் பக்கங்களை அள்ளியே தரவு சேர்க்கும் நிறுவனங்களுக்குச் செலவு எகிறியது. அதே ஆண்டு நவம்பரில் செம்ரஷ்ஷை 190 கோடி டாலருக்கு வாங்கப்போவதாக அடோபி அறிவித்தது.

இன்னொரு பக்கம் செயற்கை நுண்ணறிவு. தேடல் முடிவுக்கு மேலே கூகுளே பதிலை எழுதித்தரும் வசதி 2024 ஆகஸ்ட்டில் இந்தியாவுக்கு வந்தது. ‘ஜவ்வரிசி எவ்வளவு நேரம் ஊற வேண்டும்’ என்பதற்கு மேலேயே பதில் கிடைத்துவிட்டால் கீழே யார் இறங்கப் போகிறார்கள்? மாதம் பத்தாயிரம் பேர் தேடும் கேள்வியாக இருந்தாலும் உங்கள் கடைக்கு வருபவர் சொற்பம். ‘சேலம் ஜவ்வரிசி மொத்த விலை’ என்று தேடுபவர் பத்தே பேராக இருக்கலாம். அவர்கள் கையில் பணம் இருக்கிறது. கருவி இரண்டையும் ஒரே பத்தியில் எண்ணாகக் காட்டும். எந்த எண்ணுக்குப் பின்னால் வாடிக்கையாளர் நிற்கிறார் என்பதைக் கடைக்காரர்தான் சொல்ல முடியும்.

ஒரு எச்சரிக்கை. சாட்ஜிபிடி போன்றவற்றிடம் கீவேர்ட் பட்டியலும் மாதத் தேடல் எண்ணிக்கையும் கேட்டு வாங்கி, அதை அப்படியே அட்டவணையாக ஒட்டி விற்கும் ‘ஆலோசகர்கள்’ கிளம்பியிருக்கிறார்கள். தலைப்பு யோசிக்க அது உதவும், சரி. தேடல் பதிவு எதுவும் அதன் கையில் இல்லை. எண் கேட்டால், அழகாக ஓர் எண்ணைக் கற்பனை செய்து தரக்கூடியது அது.

சரி, எதை வாங்குவது?

முதலில் சொந்த வீட்டுக் கணக்கு. கூகுள் சர்ச் கன்சோல் இலவசம். உங்கள் தளம் எந்தெந்தச் சொல்லுக்குத் தேடலில் தோன்றியது, எத்தனையாவது இடம், எத்தனை கிளிக் என்று காட்டும். உங்கள் தளத்தைப் பற்றிக் கலவை இல்லாமல் கூகுளே தரும் கணக்கு இது. மறைக்கப்பட்டவை போக, ஒரு நேரத்தில் 1,000 வரிசைகள்தான் திரையில் தெரியும். சிறிய தளத்துக்கு அதுவே தாராளம். எட்டாவது, பன்னிரண்டாவது இடத்தில் தயங்கி நிற்கும் சொற்களைப் பார்த்து அந்தப் பக்கங்களைச் செப்பனிடுவது, புதிய சொல்லைத் துரத்துவதைவிட லாபம்.

அடுத்தது தேடல் பெட்டியே. ‘ஜவ்வரிசி’ என்று தட்டி ஓர் இடைவெளி விட்டு, அ, ஆ, இ என்று ஒவ்வோர் எழுத்தாகச் சேர்த்துப் பாருங்கள். கீழே விரியும் பரிந்துரைகள் மக்கள் வாயிலிருந்து வந்தவை. யூடியூபிலும் இதையே செய்யலாம். பல கட்டணக் கருவிகள் பின்னணியில் செய்வது இந்த வேலையைத்தான், வேகமாகச் செய்கின்றன.

பிளானருக்குக் கூகுள் ஆட்ஸ் கணக்கு வேண்டும். விளம்பரம் கொடுத்தே ஆக வேண்டும் என்பதில்லை. அதன் வீச்சை எடையாகப் பார்க்காமல், எது பெரிது எது சிறிது என்று பிரிக்கும் சல்லடையாகப் பயன்படுத்தலாம்.

ஏரெஃப்ஸின் ‘லைட்’ சந்தா 2025 நிலவரப்படி மாதம் 129 டாலர், செம்ரஷ்ஷுக்கு 140 டாலர் அளவில். பதினோராயிரம் ரூபாய்க்கு மேல். பல வாடிக்கையாளர்களைக் கையாளும் ஏஜென்சிக்கும், போட்டியாளர் எந்தப் பக்கத்தால் வளர்கிறார் என்று துருவ வேண்டிய பெரிய தளத்துக்கும், ஆங்கிலத்தில் உலகச் சந்தையைக் குறிவைப்பவருக்கும் இது நியாயமான செலவு. அங்கே தரவு அடர்த்தியாக இருக்கிறது. தமிழில் மட்டும் எழுதும் சிறு கடைக்கோ தனி எழுத்தாளருக்கோ முதல் ஆறு மாதம் இந்தச் செலவு வீண். அதிலும் பாதிச் சொற்களுக்குக் கோடு மட்டுமே காட்டப்போகிற கருவிக்கு மாதச் சந்தா கட்டுவதை என்னவென்று சொல்வது?

செவ்வாய்ப்பேட்டை அப்பாவிடம் இதையெல்லாம்விடப் பழைய கருவி ஒன்று இருக்கிறது. கல்லாவுக்குப் பக்கத்தில் கிடக்கும் ஆர்டர் நோட்டு. தொலைபேசியில் கூப்பிடுபவர்கள் ‘மாவு ஜவ்வரிசி இருக்கா’, ‘வடாம் போட எது நல்லது’, ‘கரையாம இருக்குற ஜவ்வரிசி வேணும்’ என்று கேட்பது அதில் அவர் கையெழுத்தில் இருக்கிறது. மகன் இப்போது அதைத்தான் லேப்டாப்பில் ஏற்றிக்கொண்டிருக்கிறார்.

தளம் வைத்திருப்பவர்கள் இன்றே செய்ய வேண்டிய வேலை ஒன்று உண்டு. சர்ச் கன்சோல் 16 மாதக் கணக்கைத்தான் வைத்திருக்கும், அதற்கு முந்தையது போய்விடும். மாதத்துக்கு ஒருமுறை ‘எக்ஸ்போர்ட்’ பொத்தானை அழுத்தி இறக்கி வைத்துக்கொள்ளுங்கள்.